பெயர் தெரியாத ஒன்றைக் கூகுளில் தேடுவது எப்படி?

மாடித்தோட்டத்துத் தக்காளிக் காயின் அடிப்பக்கம் கருத்துப்போகிறது. என்னவென்று தேடுவீர்கள்? பெரும்பாலும் "தக்காளி நோய்". இலைச்சுருட்டை, வாடல், மருந்து விளம்பரம் எல்லாம் வரும். உங்களுக்கு வேண்டியது வராது.

இதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை. தேட வருகிறவருக்கு ஏதோ இடிக்கிறது என்று தெரியும், அது என்னவென்று சொல்லத்தான் வராது என்று தகவல் தேடலை ஆராய்ந்த நிக்கோலஸ் பெல்கின் 1980-லேயே எழுதினார். தேடுபொறியோ சொல்லைத்தான் கேட்கிறது.

முதலில் கூகுளைத் திறக்காதீர்கள். கண்ணால் கண்டது என்ன, இதுவரை என்ன செய்தீர்கள், விடை கிடைத்தால் என்ன செய்யப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள்.

இரண்டாவது, கண்டதை மட்டும் தட்டச்சு செய்யுங்கள்: "தக்காளி காய் அடிப்பகுதி கருப்பு". "தக்காளி பூஞ்சை மருந்து" வேண்டாம். பூஞ்சை என்பது உங்கள் ஊகம். அதைப் பெட்டிக்குள் போட்டால் பூஞ்சைப் பக்கங்களாகவே வரும். படிக்கப் படிக்க ஊகம் உறுதியாகிவிடும். தேடலில் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

மூன்றாவது, வந்த பக்கங்களில் விடையைத் தேடாமல் சொற்களைப் பொறுக்குங்கள். ஒரே பொருளுக்கு இரண்டு பேர் ஒரே சொல்லைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு 20 சதவீதத்துக்கும் குறைவு என்று ஃபர்னாஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1987-இல் காட்டினார்கள். விவரம் தெரிந்தவர்கள் இந்தக் கருப்புக்கு வைத்திருக்கும் பெயர் "ப்ளாசம் எண்ட் ராட்" (blossom end rot, அதாவது காயின் பூ முனை அழுகல்). அது கண்ணில் பட்டதும் அதையே போட்டுத் தேடுங்கள்.

இனி கேள்வியே மாறும். இது பூஞ்சை இல்லை. காய்க்குச் சுண்ணாம்புச்சத்து போய்ச் சேராத கோளாறு. மண்ணில் சத்து இருந்தும், தண்ணீர் ஒருநாள் அதிகம், ஒருநாள் இல்லை என்று ஊற்றினால் இது வரும். ஆக, அடுத்த தேடல் "தொட்டித் தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றும் முறை". மருந்தைத் தேடி வந்தவர் தண்ணீரில் வந்து நிற்கிறார். புதர் புதராகப் போய்ப் பழம் பறிப்பது போலத்தான் மனிதர்கள் தேடுகிறார்கள் என்று தகவல் தேடல் ஆய்வாளர் மார்சியா பேட்ஸ் 1989-இல் சொன்னது இதைத்தான்.

எப்போது நிறுத்துவது? புதுப் பக்கங்கள் பழையதையே சொல்லத் தொடங்கும்போது. ஆனால் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முட்டை ஓட்டைப் பொடித்துப் போடச் சொல்லும் பக்கங்கள் ஏராளம். ஓடு மக்க நாளாகும், இந்த முறைக் காய்க்கு அது உதவாது. கருத்த காய் தேறாது, பறித்துப்போடுங்கள்.