ஸ்டார்ட் ஆகாத பழைய பவர் டில்லர்: எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது

அறுவடை முடிந்து நான்கைந்து மாதம் கொட்டகையில் நின்ற பவர் டில்லரை அடுத்த நடவுக்கு வெளியே எடுத்து, ஹேண்டில் போட்டுத் தோள் வலிக்கச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால், பலருக்கும் முதலில் டீசலை அழுத்தித் தள்ளும் பம்பின் மீதும், அதைச் சிலிண்டருக்குள் சாரலாகத் தெளிக்கும் நாசிலின் மீதும்தான் சந்தேகம் எழுகிறது. உண்மையில் அவை இரண்டும் கடைசியாகக் கைவைக்க வேண்டியவை. இங்கே சொல்லப்படுபவை பழைய டில்லர்களில் பரவலாக உள்ள, தண்ணீரால் குளிரும், படுக்கைவாட்டு ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சினுக்கு உரியவை.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் வந்த காற்று ஏறத்தாழ இருபதில் ஒரு பங்காக அழுத்தப்படும்போது 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில் டீசல் புகைபோல நுண்ணிய சாரலாகப் பாய்ந்தால் தானாகவே பற்றிக்கொள்கிறது. ஆகவே காற்று, அழுத்தம், உரிய நேரத்தில் டீசல் ஆகிய மூன்றில் எது குறைகிறது என்று கண்டுபிடிப்பதே நம் வேலை.

ஹேண்டிலைத் தொடுவதற்கு முன் ஆயில் குச்சியை உருவிப் பார்க்க வேண்டும். ஆயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது என்று பொருள். அந்நிலையில் எஞ்சினைச் சுற்றவே கூடாது. ஆயில் சரியாக இருந்தால் ஸ்டாப் லீவர் ஓடும் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். இதை எழுதுவதற்குச் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது: ஒரு முறை நான் காலை முழுவதும் சுற்றிக் களைத்து, நாசிலையும் கழற்றிய பிறகுதான் லீவர் நிறுத்தும் பக்கமே இருந்ததைக் கண்டேன். நெடுநாள் நின்ற எஞ்சினில் லீவர் நகர்ந்தாலும் பம்புக்குள் இருந்து டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக் என்ற சட்டம் துருவாலோ பிசினாலோ நகராமல் இறுகியிருக்கலாம். சிறிது டீசல் விட்டு ஊறவைத்து, மெதுவாக அசைத்து அதை விடுவிக்க வேண்டும்.

ஹேண்டில் பிடிக்கும்போது கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களுடன் ஒரே பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் திருப்பி உதைத்தால், சுற்றிப் பிடித்த கட்டைவிரலும் மணிக்கட்டும் முறியும்.

வால்வைச் சற்றுத் திறந்து வைத்து எஞ்சினை எளிதாகச் சுற்றவிடும் டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி வேகமாகச் சுற்றி, லீவரை விட்டதும் சைலன்சரைக் கவனியுங்கள். புகையே வரவில்லை என்றால் டீசல் சிலிண்டரை எட்டவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, ஆனால் பற்றவில்லை. அழுத்தமோ நேரமோ தவறியிருக்கிறது, அல்லது எஞ்சின் மிகவும் குளிர்ந்து கிடக்கிறது. கறுப்புப் புகை வந்தால் காற்று போதவில்லை; ஏர் கிளீனரைத் திறந்து பார்க்க வேண்டும், குளவி கட்டிய மண்கூடுகூட உள்ளே இருக்கலாம்.

நின்ற வண்டிகளில் நான் அதிகம் கண்டது புகையே வராத நிலைதான். டேங்க் மூடியில் உள்ள சிறு துளை தூசியால் அடைத்திருந்தால் டீசல் இறங்காது. மூடியைத் தளர்த்திவிட்டுச் சோதித்தாலே இது தெரிந்துவிடும். அடுத்து, டேங்கின் அடியிலிருந்து சிறிது டீசலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துக் கால்மணி நேரம் அசையாமல் வையுங்கள். பாதி காலியான டேங்கின் உட்சுவரில் பனி போல் படியும் ஈரம் மாதக்கணக்கில் சேர்ந்து தண்ணீராகிறது. அது டீசலைவிடக் கனமானது என்பதால் பாட்டிலின் அடியில் தனியாகத் தெரியும். தண்ணீர் இருந்தால் டேங்க் முழுவதையும் வடித்துக் கழுவி, ஃபில்டரையும் புதிதாக மாற்றிவிடுவது நல்லது. பழைய ஃபில்டரைக் கழுவிப் போடுவது பொய்யான சிக்கனம்.

ஃபில்டரை மாற்றினாலும், டீசல் ஒரு முறை தீர்ந்துபோனாலும் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். காற்று அழுத்தத்துக்குச் சுருங்கிக் கொடுப்பதால், பம்ப் எவ்வளவு தள்ளினாலும் நாசில் திறக்காது. இந்த ஏர் லாக்கை எடுக்க, டீசல் டேப்பைத் திறந்து, முதலில் ஃபில்டரின் மேலுள்ள ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழ் இல்லாமல் டீசல் வழியும்வரை பொறுத்திருந்து முறுக்குங்கள். அதன்பின் பம்புக்குள் டீசல் நுழையும் இடத்திலும் இதையே செய்யுங்கள். இறுதியாக, நாசிலுக்குச் செல்லும் இரும்புக் குழாயின் நட்டை நாசில் பக்கம் அரைச் சுற்றுத் தளர்த்தி, டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கியபடி எஞ்சினைச் சுற்றினால், இரண்டு சுற்றுக்கு ஒரு முறை டீசல் துடித்து வெளியேற வேண்டும். குமிழ் நின்றதும் நட்டை முறுக்கிவிட்டு மறுபடி சுற்றும்போது நாசிலில் ‘கிர்ரிக்’ என்ற ஓசை சீராகக் கேட்கும். பழகிய மெக்கானிக்குகள் சிலிண்டர் ஹெட்டில் காதை வைத்துக் காத்திருப்பது இந்த ஓசைக்காகத்தான்.

குழாய் முனையில் டீசல் நன்றாகத் துடித்தும் ஓசை கேட்கவில்லை என்றால் அப்போது நாசிலைக் கழற்றலாம். அதை வெளியே அதே குழாயில் மாட்டிச் சுற்றினால் நுண்ணிய சாரலாக அடிக்க வேண்டும். கோடாகப் பீய்ச்சினாலோ நுனியில் சொட்டினாலோ அதைப் பணிமனையில் சோதிக்கக் கொடுக்க வேண்டும். அந்தச் சாரலுக்கு எதிரே கையை ஒருபோதும் நீட்டாதீர்கள். அத்தனை அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போகும். வலி குறைவாக இருந்தாலும் உடனே அறுவைச் சிகிச்சை தேவைப்படும் காயம் அது. நாசிலைத் திரும்ப மாட்டும்போது செம்பு வாஷரைப் புதிதாகப் போடுங்கள்.

வெள்ளைப் புகை வந்தும் பிடிக்காத எஞ்சினில் அழுத்தத்தைச் சோதிக்க வேண்டும். டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்காமல் ஹேண்டிலை மெதுவாகச் சுற்றினால், ஓரிடத்தில் வில்லை வளைத்தது போன்ற எதிர்ப்பு கையில் படவேண்டும். அது மென்மையாக வழுக்கிப் போனால் காற்று எங்கோ கசிகிறது, அந்த இடத்தைக் காதே காட்டிக்கொடுக்கும். ஏர் கிளீனரில் சீறினால் இன்லெட் வால்வும், சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வும், ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் பிஸ்டன் ரிங்கும் காரணம். ரேடியேட்டர் தண்ணீரில் குமிழ் வந்தால் சிலிண்டருக்கும் ஹெட்டுக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கெட்டைத்தான் பார்க்க வேண்டும். ரிங் மீது சந்தேகம் இருந்தால் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலை இன்லெட் வழியாக விட்டுச் சில சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எதிர்ப்பு கூடினால் தேய்ந்திருப்பது ரிங்கும் சிலிண்டரின் உட்சுவரான லைனரும்தான். ஒரு கரண்டிக்கு மேல் விடக்கூடாது, ஏனெனில் அந்த ஆயிலே எரிபொருளாகி எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஓடக்கூடும்.

வால்வில் கசிந்தால் வால்வுகளை மூடியிருக்கும் ராக்கர் கவரைத் திறந்து, வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கர் கைக்கும் இடையிலான டேப்பட் இடைவெளியை அளக்க வேண்டும். அழுத்த வீச்சின் உச்சியில் பிஸ்டன் இருக்க, எஞ்சின் குளிர்ந்திருக்க, மெல்லிய அளவுத் தகடான ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். சரியான அளவு எஞ்சினின் கையேட்டில் இருக்கும். டீகம்ப்ரஷன் லீவரின் திருகு அதிகம் இறங்கியிருந்தால், லீவரை விட்ட பின்னும் வால்வு மயிரிழை திறந்தே நிற்கும். வால்வு லேப்பிங் (வால்வையும் அதன் இருக்கையையும் தேய்த்துப் பொருத்துவது) செய்து வந்த வண்டிகளில் இந்தக் கோளாறு எளிதில் கண்ணில் படுவதில்லை.

யாராவது முன்பு பம்பைக் கழற்றி மாட்டியிருந்தால் டீசல் பாயும் நேரமான டைமிங் தவறியிருக்க வாய்ப்புண்டு. பம்புக்கு அடியிலுள்ள மெல்லிய ஷிம் தகடுகளில் ஒன்று கூடினால் டீசல் தாமதமாகவும், ஒன்று குறைந்தால் முன்னதாகவும் பாயும். கழற்றும்போதே அவற்றை எண்ணி நூலில் கோத்து வைக்க வேண்டும். பம்பின் உட்பாகங்களை மட்டும் வீட்டில் பிரிக்காதீர்கள். ஒரு தூசி போதும், டீசலைத் தள்ளும் பிளஞ்சர் வீணாகிவிடும்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கத்துத் தோட்டங்களில் மார்கழிக் காலையில் எல்லாம் சரியாக இருந்தும் எஞ்சின் பிடிக்காமல் போகலாம். அப்போது ரேடியேட்டர் தண்ணீரை வடித்துவிட்டு, கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றிப் பத்து நிமிடம் கழித்துச் சுற்றுவது பலன் தரும். ஏர் கிளீனரில் பெட்ரோலோ ஈத்தரோ தெளிப்பதை நான் ஏற்கவில்லை. பிஸ்டன் உச்சியை எட்டும் முன்பே அது வெடித்து, பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடை வளைத்துவிடும்.

எஞ்சின் பிடித்ததும் ஐந்து நிமிடம் சுமையின்றி ஓடவிட்டு, தளர்த்திய நட்டுகளில் ஈரம் கசிகிறதா என்று பாருங்கள். நிறுத்தும்போது ஸ்டாப் லீவரையே பயன்படுத்துங்கள். டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கி நிறுத்தினால் வால்வு அடிபடும். பருவம் முடிந்து வண்டியைக் கொட்டகையில் விடும் நாளில் டேங்கை விளிம்புவரை நிரப்பி விடுங்கள், ஈரம் படிய உள்ளே இடம் இருக்காது.