நிரல் எழுதத் தெரியாதவரும் வழு கண்டு சொல்லலாம்: தன்னார்வச் சோதனையாளருக்கு ஒரு தொடக்கப் பாடம்

பெங்களூரு அல்சூரில் திருமண அழைப்பிதழ் அச்சடிக்கும் நண்பர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னை அழைத்தார். ‘பொன்னம்மாள்’ என்ற பெயரை ‘பொன்னம்மா’ என்று மாற்ற வேண்டும். தேடிப் பார்த்தால் அப்படி ஒரு சொல்லே கோப்பில் இல்லை என்கிறது கணினி; கண்ணெதிரே நான்கு இடங்களில் அந்தப் பெயர் இருக்கிறது. அவர் பயன்படுத்தியது ஒரு கட்டற்ற உரைத்தொகுப்பி, அதாவது யாரும் பயன்படுத்தவும் திருத்தவும் உரிமை உள்ள மென்பொருள்.

காரணம் பிடிபட ஒரு மணி நேரம் ஆனது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் குறியீடு தரும் யுனிகோடு என்ற தரத்தில் ‘பொ’வை இரண்டு வகையாகச் சேமிக்கலாம். ‘ப’வுக்குப் பின் ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். யுனிகோடு விதிப்படியும் இரண்டும் சமம். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய அவருடைய கோப்பில் இரண்டு குறியீடுகள் இருந்தன. அவர் விசைப்பலகையில் தட்டியதோ ஒரே குறியீடு. மென்பொருள் அவற்றை வெவ்வேறு சொற்களாக எண்ணிவிட்டது.

தமிழ் படிக்கத் தெரியாத நிரலாளர் இதை எப்படிக் கண்டுபிடிப்பார்? கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்குத் தன்னார்வச் சோதனையாளர்கள் வேண்டியிருப்பது இதற்காகத்தான். தமிழில் நாள்தோறும் வேலை செய்பவரின் கண்ணுக்குத்தான் தமிழில் நேரும் வழு, அதாவது மென்பொருள் பிழை, தெரியும். அதைக் கண்டதோடு வேலை முடிவதில்லை. தொலைவில் இருக்கும் ஒருவர் தம் கணினியில் அதே வழுவை வரவழைக்கும்படி எழுதித் தர வேண்டும். சோதனையாளரின் கைத்திறன் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

முதல் படி: ஒரே ஒரு மென்பொருள்

நீங்கள் ஏற்கெனவே அன்றாடம் பயன்படுத்தும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இங்கே நண்பர் பயன்படுத்திய லிப்ரெஓபிஸ் என்ற அலுவலக மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன். 2010ஆம் ஆண்டு ஓபன்ஆபிஸிலிருந்து பிரிந்து வந்த திட்டம் இது. வழக்கமாகப் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பெரிய பதிப்பு வெளிவரும். அதற்கு முந்தைய வாரங்களில் ஆல்பா (முதல் சோதனைப் பதிப்பு), பீட்டா (அதற்கு அடுத்தது), வெளியீட்டு முன்பதிப்பு (கடைசிச் சோதனைப் பதிப்பு) என்று சோதனைப் பதிப்புகள் வரும். சோதனையாளருக்கு அதுதான் அறுவடைக் காலம்.

இரண்டாம் படி: தனியே நிறுவுதல்

ஆல்பா, பீட்டா பதிப்புகள் உங்கள் வழக்கமான பதிப்பைத் தொடாமல் தனியே அமரும். வெளியீட்டு முன்பதிப்பு பழையதன்மேலேயே ஏறும். புதியவர்கள் அதைச் சற்றுத் தள்ளிப்போடுங்கள். எந்தப் பதிப்பானாலும் மூலக் கோப்பைத் திறக்காதீர்கள், நகலைத் திறங்கள்.

மூன்றாம் படி: உங்கள் வேலையையே செய்யுங்கள்

எல்லாப் பொத்தான்களையும் அழுத்திப் பார்க்க வேண்டியதில்லை. வீட்டுக் கணக்கு, சங்க அறிக்கை, பிள்ளையின் பள்ளிக் கட்டுரை என எது உங்கள் வேலையோ அதைப் புதிய பதிப்பில் செய்யுங்கள். தேடல், அகரவரிசைப்படுத்தல், பிடிஎப் ஆக்குதல், வரியை மடித்தல் ஆகியவற்றில் தமிழ் எப்படி நடந்துகொள்கிறது என்று மட்டும் கூர்ந்து பாருங்கள்.

நான்காம் படி: வழுவைச் சுருக்குதல்

இதில் பொறுமை வேண்டும். ஏதோ தவறாக நடந்தால் உடனே எழுதத் தொடங்காதீர்கள். மறுபடியும் செய்யுங்கள். மீண்டும் வந்தால், உதவிப் பட்டியலில் உள்ள பாதுகாப்பான முறையில் தொடங்கிப் பாருங்கள். அங்கே வரவில்லையென்றால் உங்கள் அமைப்புகளிலோ நீங்கள் கூடுதலாகச் சேர்த்த நீட்சியிலோதான் சிக்கல் இருக்கக்கூடும். அங்கும் வந்தால் கோப்பை வெட்டிக்கொண்டே போங்கள். நண்பரின் அழைப்பிதழ் நான்கு பக்கம். நான் வெட்டி வெட்டி, கடைசியில் ‘பொன்’ என்ற ஒரே சொல் உள்ள கோப்பாக்கினேன். அதிலும் வழு வந்தது. இணைக்கும் கோப்பை யாரும் பார்க்கலாம் என்பதால், பெயரும் தொலைபேசி எண்ணும் நீங்குவது இன்னொரு நன்மை.

ஐந்தாம் படி: எழுதுதல்

முதலில், திட்டத்தின் இணைய வழுப் பதிவேட்டில் வேறு யாரும் அதே வழுவைப் பதிந்திருக்கிறார்களா என்று தேடுங்கள். இல்லையென்றால் எழுதுங்கள். எளிய ஆங்கிலம் போதும். என் அறிக்கையின் சாரம் இது:

தலைப்பு: இரு குறியீடுகளாகச் சேமித்த தமிழ் ஒகரத்தைத் தேடல் கண்டுபிடிக்கவில்லை.
1. இணைத்துள்ள கோப்பைத் திறக்கவும்.
2. தேடல் பெட்டியில் ‘பொன்’ என்று தட்டி, தேடவும்.
நடப்பது: சொல் இல்லை என்ற செய்தி. நடக்க வேண்டியது: முதல் வரியில் உள்ள சொல் கிடைக்க வேண்டும்.

இதனுடன் பதிப்பு எண்ணும் இயங்குதளமும். லிப்ரெஓபிஸில் ‘பற்றி’ என்ற சாளரத்திலேயே இந்த விவரங்களை நகலெடுக்கப் பொத்தான் இருக்கிறது. ‘தமிழ் சரியாக வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதினால் அதை வைத்து யாராலும் எதுவும் செய்ய முடியாது.

ஆறாம் படி: பிறர் வழுவை உறுதிசெய்தல்

உண்மையில் புதியவர்கள் இங்கிருந்தே தொடங்கலாம். லிப்ரெஓபிஸில் புதிதாகப் பதியும் வழு ‘உறுதிசெய்யப்படாதது’ என்ற நிலையில் காத்திருக்கும். இன்னொருவர் தம் கணினியில் செய்து பார்த்து, ‘எனக்கும் வருகிறது’ என்று பதிப்பு எண்ணுடன் சொன்னால்தான் அது நகரும். என் அறிக்கையை உறுதிசெய்தவர் எங்கள் மாடிவீட்டுக் கன்னடக்காரர். கன்னடத்திலும் ஒகரக் குறிக்கு இதே இரட்டை நிலை உண்டு. அவர் ‘கொடு’ என்று தட்டித் தேடினார்; அதுவும் கிடைக்கவில்லை. தமிழின் வழு என்று நான் எழுதியது இரு மொழிகளின் வழுவாயிற்று. திட்டத்தாரும் விரைந்து கவனித்தார்கள்.

பழைய பதிப்பில் சரியாக இருந்து புதியதில் கெட்டிருந்தால், அதைக் கட்டாயம் குறிப்பிடுங்கள். எந்த மாற்றத்தில் கெட்டது என்பதைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேட முடியும். ஆயிரம் இடைப்பதிப்புகள் இருந்தாலும் ஏறத்தாழ பத்துச் சோதனைகளில் இடம் தெரிந்துவிடும்.

ஏழாம் படி: பதில் சொல்லக் காத்திருத்தல்

கூடுதல் விவரம் கேட்டு மறுமொழி வரும். பதில் தராமல் விட்டால் அறிக்கை மூடப்படும். சில வேளை ‘இது வழு அன்று’ என்பார்கள். நம் இலக்கணத்தில் வழு, வழுவமைதி என்று இரண்டு இருக்கின்றன அல்லவா, அதுபோலக் காரணத்தோடு அமைத்துக்கொண்டதும் உண்டு. காரணத்தைக் கேளுங்கள். ஏற்க முடியாவிட்டால் தமிழ் வழக்கைச் சான்றோடு எடுத்துச் சொல்லுங்கள்.

திருத்தம் வந்ததும் அடுத்த நாட்பதிப்பை (நாள்தோறும் உருவாகும் சோதனைப் பதிப்பை) நிறுவி, அதே இரண்டு படிகளைச் செய்து பாருங்கள். நான் அச்சகத்திலேயே, நண்பரின் பழைய அழைப்பிதழ்க் கோப்பின் நகலில் செய்து பார்த்தேன். நான்கு இடங்களும் கிடைத்தன. ‘சரிபார்த்தாயிற்று’ என்று எழுதிவிட்டு வந்தேன்.