வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்பது எப்படி

யாழ்ப்பாணத்தில் எந்த ஒழுங்கைக்குள் போனாலும் ஒரு அம்மாவோ அப்பாவோ ஆறு மாத வீசாவில் பிள்ளையிடம் போக ஆயத்தமாகிக்கொண்டிருப்பார். மிளகாய்த்தூள், ஒடியல், பருத்தித்துறை வடை எல்லாம் சூட்கேஸுக்குள் போகும். அங்கே வருத்தம் வந்தால் டொக்டரோடு எப்படிக் கதைப்பது என்று கேட்டால் “பேரன் இருக்கிறான்தானே” என்று முடித்துவிடுவோம்.

நாங்களும் அப்படித்தான் விட்டோம். என் அம்மா லண்டனில் நின்றபோது அக்கா வாசலில் இறக்கிவிட்டு வேலைக்கு ஓட, 15 வயதுப் பேரன்தான் டொக்டரின் அறைக்குள் கூடப் போனான். மாதவிடாய் நின்று எத்தனையோ வருடத்துக்குப் பிறகு திரும்ப இரத்தம் படுகிறது என்பதை அவனிடம் சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை. “நாரி நோகுது”, இடுப்பு வலி, என்று மட்டும் சொன்னார், நோவுக்குக் குளிசை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இங்கே திரும்பி வந்து இரண்டு மாதம் கழித்துத்தான் எனக்கே தெரியும். உடனே காட்டவேண்டிய வருத்தம் அது. பேரனில் பிழை இல்லை, அவனை அந்தக் கதிரையில் இருத்தியது நாங்கள்.

ஆகவே முதல் வேலை, நாள் எடுக்கும்போதே கேட்பது. போய் இறங்கிய பிறகு கேட்டால் ஆள் கிடைக்காமல் போகலாம். இங்கிலாந்தில் என்எச்எஸ் என்ற அரச சுகாதார சேவையின் டொக்டரிடமோ ஆஸ்பத்திரிக்கோ போகும்போது மொழிபெயர்ப்பாளருக்கு நோயாளி காசு கொடுக்கத் தேவையில்லை. நேரில் வருவார், அல்லது தொலைபேசியில் இணைப்பார்கள். எல்லாம் இரண்டு தடவை சொல்லப்படும் என்பதால் கூடிய நேரமும் கேளுங்கள். அங்கே 111 என்ற மருத்துவ உதவி இலக்கத்துக்கு எடுத்தாலும் தமிழ் கேட்கலாம். அவுஸ்திரேலியாவில் 131 450 என்ற இலக்கம், டிஐஎஸ் நஷனல் என்ற அரசின் தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவை, 24 மணிநேரமும் இயங்குகிறது. அமெரிக்காவில் அரசின் காசு வாங்கும் ஆஸ்பத்திரிகள் இலவசமாக ஒழுங்கு செய்யவேண்டும் என்பது சட்டம். கனடாவில் சுகாதாரம் மாகாணத்தின் கையில் இருப்பதால் இடத்துக்கிடம் மாறும், அந்தந்த ஆஸ்பத்திரியிலேயே கேளுங்கள். ஒன்று, மொழிபெயர்ப்பு இலவசம் என்றால் வைத்தியமும் இலவசம் என்று நினைக்கவேண்டாம். விசிட் வீசாவில் போனவருக்கு பில் வரலாம்.

அம்மாவுக்கு மூன்று சொல் பாடமாக்கிக் கொடுங்கள்: “டமில் இன்டர்பிரெட்டர், ப்ளீஸ்.”

அதோடு “இலங்கைத் தமிழ்” என்றும் கேட்கவேண்டும். இதைப் பலர் யோசிப்பதே இல்லை. வருகிறவர் தமிழ்நாட்டுக்காரராக இருந்தால் எங்கள் சொல் அவருக்கு வேறு பொருள் தரும். “எனக்குக் கன நாளாய் வருத்தம்” என்று நோயைச் சொன்னால் அவர் கவலை என்று விளங்கிக்கொண்டு அப்படியே டொக்டரிடம் சொல்லிவிடக்கூடும். தடிமன் என்றால் சளி என்று அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். சத்தி (வாந்தி), நாரி (இடுப்பு), முட்டு (இழுப்பு), உளைவு (வலி), குளிசை (மாத்திரை), எல்லாவற்றிலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. “களைக்குது” என்பதுதான் எனக்குப் பெரிய பயம், அம்மா மூச்சு வாங்குகிறது என்ற அர்த்தத்தில் சொல்வார், கேட்கிறவர் சோர்வு என்று எடுத்துவிடுவார். வேறு ஆள் கிடைக்காவிட்டால் சொல்லை விட்டுவிட்டு நடப்பதைச் சொல்லவேண்டும்: “இரண்டு படி ஏறினால் மூச்சு எடுக்க ஏலாமல் நிற்கிறேன்.” இப்படிச் சொன்னால் எந்த ஊர்க்காரருக்கும் விளங்கும்.

இரத்தத்தில் சீனி அளவும் அப்படித்தான். இங்கே “சீனி 180” என்போம். இங்கிலாந்து, கனடா, அவுஸ்திரேலியாவில் அளவு வேறு, எங்கள் இலக்கத்தை 18ஆல் பிரிக்கவேண்டும், 180 அங்கே 10. மொழிபெயர்ப்பாளர் சொன்ன இலக்கத்தை மட்டும்தான் சொல்வார், கணக்குப் பார்க்கமாட்டார். அதனால் கிளினிக் கொப்பியை, மருந்துத் துண்டை, கடைசி இரத்தப் பரிசோதனையைப் படம் எடுத்து வையுங்கள். பனடோலைக்கூட கனடாவிலும் அமெரிக்காவிலும் அசெட்டமினோஃபென் என்றுதான் பெட்டியில் எழுதியிருப்பார்கள், தெரியாமல் இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஒரே மருந்தை இரட்டிப்பாகப் போட்டதாகிவிடும்.

அறைக்குள் போனதும் டொக்டரின் முகத்தைப் பார்த்துக் கதைக்கச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து “எனக்கு இப்படி என்று டொக்டருக்குச் சொல்லுங்கோ” எல்லாம் வேண்டாம், “எனக்கு நெஞ்சு எரியுது” என்றே சொல்லட்டும். இரண்டு வசனம் சொல்லி நிறுத்தவேண்டும். மொழிபெயர்ப்பாளரிடம் “நீங்கள் எந்த ஊர்” என்று தொடங்கினால் நேரம் அதிலேயே போய்விடும், எங்கள் ஆட்களுக்கு அது பெரிய ஆசை! கடைசியில், மருந்தை எப்படிப் போடவேண்டும் என்று அம்மா தன் வாயால் திருப்பிச் சொல்லவேண்டும், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எத்தனை நாள், எது நடந்தால் திரும்ப வரவேண்டும் என்பது வரை.

ஊர்ச்சனத்துக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் பொய்யில்லை. ஆனால் மொழிபெயர்ப்பாளர் கேட்டதை வெளியில் சொல்லக்கூடாது என்பது அவர்களுடைய தொழிலின் கட்டாயம். அப்படியும் தெரிந்த முகமாக இருந்தால் வேறு ஆள் வேண்டும் என்று சொல்லலாம், பெண் வேண்டும் என்றும் கேட்கலாம். கூச்சமான விடயத்துக்குத் தொலைபேசி நல்லது, முகம் தெரியாது.

ஒப்பரேஷன் தாளில் ஒப்பம் வைக்கமுன் ஒவ்வொரு வரியும் தமிழில் கேட்டாகவேண்டும், “சும்மா ஒரு ஒப்பம்தான்” என்று மகன் சொன்னாலும்.

“வீட்டில் ஒருவர் இங்கிலிஷ் கதைப்பார்தானே” என்று வரவேற்பில் தட்டிக்கழித்தால், “இல்லை, மொழிபெயர்ப்பாளர்தான் வேண்டும், கேட்டதை ஃபைலில் எழுதுங்கள்” என்று அமைதியாகச் சொல்லுங்கள். எழுதச் சொன்னால் பெரும்பாலும் தேடிப் பார்ப்பார்கள். எழுதிவிட்டால் அடுத்த முறை நீங்கள் பக்கத்தில் இல்லாவிட்டாலும் அம்மாவின் பெயருக்கு நேரே தமிழ் என்று இருக்கும்.