காலையில் மட்டும் பிழை காட்டிய அஸ்ட்ரோலேப்

16-ஆம் நூற்றாண்டுப் போர்ச்சுகீசிய மாலுமிகள் சூரியனின் உயரத்தை அளந்த பித்தளை அஸ்ட்ரோலேப்பின் மாதிரி ஒன்று என்னிடம் உள்ளது. அது வளையத்தில் தொங்கும் வட்டு; நடுவில் உள்ள சுழல்கோலைச் சூரியனை நோக்கித் திருப்பினால் விளிம்பில் உயரம் பாகையில் தெரியும். சூரியன் தலைக்கு மேல் நிற்கும் உச்சிவேளையில் கணக்கோடு ஒத்துப்போன அது, காலையில் 1 பாகை கூடுதலாகக் காட்டியது. அட்சரேகையில் அது 60 கடல்மைல். வளிமண்டல ஒளிவிலகலைச் சந்தேகித்தேன். ஆனால் அது அடிவானத்திலேயே அரைப் பாகையைச் சற்றுத்தான் தாண்டும். வளையத்துக்கு எண்ணெய் விட்டும் பயனில்லை.

சுழல்கோலை முனை மாற்றி அளந்தபோது துப்புக் கிடைத்தது: பிழை அதே 1 பாகைதான், ஆனால் இம்முறை கூடுதலாக அல்ல, குறைவாகக் காட்டியது. கோலைக் கழற்றித் தூக்குக்குண்டு நூலோடு ஒப்பிட்டால் வட்டு நேராகவே தொங்கியது. கோலின் இரு முனைகளிலும் உள்ள பார்வைத் தகடுகளில் ஒன்று மற்றதைவிட இருமடங்கு தடிமன். கோல் ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும் உச்சிவேளையில் அந்தக் கனம் வட்டைச் சாய்க்காது. கோல் படுக்கையாகும்போது சாய்க்கும். பழைய அசல் கருவிகள் பல கிலோ எடையுள்ளவை, அவற்றில் இந்தச் சில கிராம் தெரிந்திராது. மெல்லிய தகட்டாலான மாதிரியில் தெரிகிறது.

நடுத்துளையில் ஊசியைச் செருகி, எந்தக் கோணத்தில் விட்டாலும் கோல் அசையாமல் நிற்கும்வரை தடித்த தகட்டின் பின்புறத்தை அரத்தால் தேய்த்தேன். இப்போது இரு முனை அளவுகளும் காலையிலும் ஒன்றாகவே வருகின்றன.