காமர்ஸ் பிஎச்.டி.: தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எம்.காம். முடித்துவிட்டு, பேராசிரியர் ஆகவேண்டும், அதற்கு பிஎச்.டி. சேரவேண்டும் என்று நம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "என்ன டாபிக் எடுக்கலாம் சார்?" தலைப்பை இப்படி யாரிடமாவது கேட்டு வாங்குவதில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். கேட்டு வாங்கிய தலைப்பு பெரும்பாலும் ஏற்கெனவே நாலு மாவட்டத்தில் செய்து முடித்த தலைப்பாக இருக்கும், மாவட்டத்தின் பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்ற நினைப்பும் அதோடு சேர்ந்தே வந்துவிடும். கணக்கியலில் ஆய்வு செய்கிறவர் கணக்கைப் படிக்கவேண்டும், அதிலிருந்துதான் கேள்வி வரவேண்டும். கீழே சொல்லப்போகிற தவறுகளில் முக்கால்வாசி, கணக்குப் புத்தகத்தை விட்டு விலகிப் போனதால் வருபவை.

சுயஉதவிக் குழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டம் 1989-ல் ஐஃபாட் (சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியம்) உதவியோடு முதலில் தொடங்கியதே தருமபுரியில்தான், அப்போது கிருஷ்ணகிரியும் இதே மாவட்டத்தில்தான் இருந்தது (2004-ல்தான் பிரிந்தது). அதனால் நம்மூர் ஆய்வாளர்கள் இந்தத் தலைப்புக்கு வருவது இயல்பு. ஆனால் வந்து என்ன செய்கிறார்கள்? குழு உறுப்பினர்களிடம் ஐந்து கட்டம் போட்ட கேள்வித்தாளைக் கொடுத்து "உங்கள் தன்னம்பிக்கை உயர்ந்ததா, மிகவும் உயர்ந்ததா" என்று டிக் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். அதே வீட்டில், அதே டிரங்குப் பெட்டியில், தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு எல்லாம் இருக்கிறது. யார் எப்போது எவ்வளவு கடன் வாங்கினார், எந்த மாதம் தவணை நின்றது, நின்ற மாதத்தில் குழு என்ன தீர்மானம் போட்டது, ரொக்கப் புத்தகத்தின் இருப்பும் வங்கி பாஸ் புத்தகமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க ஆரம்பித்தால் அது கணக்கியல் ஆய்வு. டிக் அடித்த தாளை மட்டும் வைத்துச் செய்வதை சமூகவியல் துறைக்காரர்கள் நம்மைவிட நன்றாகவே செய்வார்கள்.

கேள்வித்தாளே கூடாது என்று சொல்லவில்லை. அதைச் செய்யும் விதத்தில்தான் கோளாறு. மாதிரி அளவு (கேள்வித்தாள் கொடுத்த ஆட்களின் எண்ணிக்கை) ஏன் 384 என்று வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில் கேட்டால், கிரெஜ்சி, மோர்கன் அட்டவணை என்று பதில் வரும். அந்த 1970-ம் ஆண்டு அட்டவணை, மொத்தப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் ஆளைத் தேர்ந்தெடுப்பதை வைத்துப் போட்டது. நீங்கள் பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் கிடைத்தவர்களிடம் தாளைக் கொடுத்துவிட்டு 384 என்று எழுதினால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. அதுபோல எல்லாவற்றுக்கும் கை-வர்க்கச் சோதனை (chi-square), எல்லாவற்றுக்கும் கேரட் தரவரிசை (Garrett ranking). அட்டவணையின் ஏதாவது ஒரு கட்டத்தில் எதிர்பார்க்கும் எண்ணிக்கை 5-க்குக் கீழே போனால் கை-வர்க்க முடிவை நம்பமுடியாது என்று பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது, மென்பொருளும் அட்டவணைக்கு அடியில் சொல்கிறது. அந்த அடிக்குறிப்பை வெட்டிவிட்டு அட்டவணையை மட்டும் ஒட்டுவது பெரிய தவறு.

அடுத்த கூட்டம் விகித ஆய்வுக்காரர்கள். ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டி.வி.எஸ். மோட்டார், அசோக் லேலண்ட், டைட்டன் ஆகியவற்றின் பத்து வருட ஆண்டறிக்கையை இறக்கி, எக்செலில் போட்டு, நடப்பு விகிதம், லாப விகிதம் எல்லாம் கணக்கிட்டு, ஏறியது இறங்கியது என்று எழுதிவிடுகிறார்கள். இங்கே கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும், ஏனென்றால் அந்தப் பத்து வருடத்துக்குள் கணக்கு எழுதும் விதியே மூன்று நான்கு தடவை மாறியிருக்கிறது.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. அதற்கு முன் இண்ட் ஏ.எஸ். (இந்தியக் கணக்கியல் தரநிலைகள்) முறையில் உற்பத்திக் கம்பெனியின் வருவாயில் கலால் வரியும் சேர்ந்தே இருக்கும், செலவுப் பக்கத்தில் அது தனி வரியாக வரும். ஜி.எஸ்.டி.க்குப் பிறகு வரியை நீக்கிவிட்டுத்தான் வருவாய் காட்டவேண்டும். ஒரு பொருளை 100 ரூபாய்க்கு விற்று 12.50 கலால் போட்டால் பழைய கணக்கில் வருவாய் 112.50, புதிய கணக்கில் 100. விற்ற எண்ணிக்கையும் விலையும் அப்படியே இருந்தாலும் வருவாய் 11 சதவீதம் சரிந்த மாதிரித் தெரியும், லாப விகிதம் உயர்ந்த மாதிரித் தெரியும். போதாததற்கு 2017-18-ம் ஆண்டில் முதல் மூன்று மாதம் பழைய முறை, மீதி ஒன்பது மாதம் புது முறை. ஆண்டறிக்கையில் இதற்குத் தனிக் குறிப்பே போட்டிருப்பார்கள். குறிப்பைப் படிக்காமல் "2017-18-ல் நிர்வாகத் திறன் கூடியதால் லாப விகிதம் உயர்ந்தது" என்று எழுதினால், நடக்காத ஒன்றுக்கு நீங்கள் காரணம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

இதே மாதிரி, பெரிய கம்பெனிகளுக்கு இண்ட் ஏ.எஸ். 2016-17-ல் வந்தது. குத்தகைக்கான இண்ட் ஏ.எஸ். 116, 2019 ஏப்ரல் 1-ல் வந்தது. டைட்டன் மாதிரி கடைகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் நிறுவனத்தில் அதுவரை வெறும் வாடகைச் செலவாக இருந்தது, அன்றிலிருந்து இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்பாக ஏறிவிடுகிறது. கடன் கூடிவிட்டது என்று எழுதுவதற்கு முன்னால் இதைப் பிரித்துப் பார்க்கவேண்டும். எந்த ஆண்டில் என்ன விதி மாறியது என்று ஒரு பக்கத்தில் எழுதி மேசை முன்னால் ஒட்டிவைத்துவிட்டு, அப்புறம் எக்செலைத் திறவுங்கள்.

நிறுவனம் திவாலாகுமா என்று கணிக்கும் ஆல்ட்மன் இசட் ஸ்கோர் இன்னொரு பொறி. 1968-ல் ஆல்ட்மன் போட்ட சூத்திரத்தில் பங்கின் சந்தை மதிப்பு ஓர் அங்கம். பாலக்கோட்டிலும் கோபாலபுரத்திலும் இருக்கும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளுக்குச் சந்தை விலை ஏது? பட்டியலிடாத நிறுவனங்களுக்கென்று புத்தக மதிப்பை வைத்து அவரே பின்னால் வேறு சூத்திரம் கொடுத்தார், அதற்கு எல்லைக் கோடுகளும் (கீழ்க்கோட்டுக்குக் கீழே ஆபத்து, மேல்கோட்டுக்கு மேலே பாதுகாப்பு) வேறு: 1.81, 2.99 இல்லை, 1.23, 2.90. பழைய சூத்திரத்தில் புத்தக மதிப்பைப் போட்டு, பழைய எல்லைக் கோட்டை வைத்து, ஆலை திவாலாகப்போகிறது என்று முடிவு சொல்வது எந்த வகையிலும் சரியில்லை.

மார்ச் 31 என்ற தேதியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகள் பெங்களூரா மாங்காயை வாங்கி அரைப்பதெல்லாம் மே முதல் ஜூலை வரையிலான சீசனில். வங்கிக் கடன் உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். மார்ச் முடிவில் இருப்பில் கிடப்பது விற்றது போக மிச்சம், கடனும் ஓரளவு அடைந்திருக்கும். அந்த ஒரு நாள் இருப்புநிலையை வைத்து நடப்பு விகிதம் போட்டால் ஆலை சௌகரியமாக இருப்பதாகத் தெரியும், சரக்குச் சுழற்சியும் உண்மையைவிட வேகமாகத் தெரியும். சர்க்கரை ஆலையில் நிலைமை தலைகீழ், அங்கே மார்ச் மாதம் அரவை முடிகிற நேரம், குடோன் நிறைந்திருக்கும், கரும்பு விவசாயிக்குத் தரவேண்டிய பாக்கியும் நிற்கும். மாதவாரி இருப்பும் வங்கிக்குக் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மெண்ட்டும் கிடைத்தால்தான் இந்த மாதிரித் தொழிலை ஆராயமுடியும். கிடைக்குமா என்பதைத் தலைப்பைப் பதிவு செய்வதற்கு முன்னால் விசாரிக்கவேண்டும், இரண்டு வருடம் கழித்து இல்லை.

கிடைக்கும் என்று வாய்ச்சொல்லை நம்பி இறங்குவதும் தவறுதான். கம்பெனியாகப் பதிவானதென்றால் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் 100 ரூபாய் கட்டி அதன் ஆவணங்களைப் பார்க்கலாம், பங்குதாரர் கூட்டு நிறுவனத்துக்கு அந்த வழி கிடையாது. கூட்டுறவுச் சங்கம் என்றால் ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட) மனுப் போட்டு வாங்கிவிடலாம் என்று நினைக்கிறார்கள். கணிசமான அரசு நிதியில் நடக்காத கூட்டுறவுச் சங்கம் அந்தச் சட்டத்தின்படி பதில் தரவேண்டிய பொது அதிகார அமைப்பு ஆகாது என்று 2013-ல் தலப்பாலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் கூட்டுறவுச் சங்கப் பதிவாளர் சட்டப்படி சங்கத்திடம் பெறக்கூடிய தகவலைப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்க இடமிருக்கிறது. அதனால் மனுவைச் சங்கச் செயலாளருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

கைடு விஷயத்தில் நம்மவர்கள் பார்ப்பது இரண்டு: இடம் காலி இருக்கிறதா, ஆள் நல்லவரா. தொப்பூர் கணவாய் தாண்டி கருப்பூரில் இறங்கினால் பெரியார் பல்கலைக்கழகம், சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி நாலு மாவட்டத்துக்கும் அதுதான், 1997-லிருந்து. அதனால் இடத்துக்குப் போட்டி இருக்கத்தான் செய்யும். யு.ஜி.சி.யின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிப்படி உதவிப் பேராசிரியர் 4 பேரையும், இணைப் பேராசிரியர் 6 பேரையும், பேராசிரியர் 8 பேரையும் மட்டுமே வைத்துக்கொள்ளலாம். ஓய்வுக்கு மூன்று வருடத்துக்கும் குறைவாக இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்கமுடியாது. கைடு எப்போது ஓய்வு பெறுகிறார், அவர் கடைசியாக எழுதிய கட்டுரைகள் எதைப் பற்றியவை, அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகள் எப்படி இருக்கின்றன என்று, ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் சோத்கங்கா தளத்தில் திறந்து படித்துவிட்டுப் போய்ப் பாருங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதைப் படிக்காமல் கைடைத் தேர்ந்தெடுப்பது வருத்தமான விஷயம்.

பகுதிநேரமாகச் சேர்பவர்கள், வேலை செய்யும் இடத்திலிருந்து தடையில்லாச் சான்று வாங்காமல் விண்ணப்பம் போடாதீர்கள்.

கட்டுரை வெளியிடுவதில் நடக்கும் தவறு பணத்தையும் பெயரையும் சேர்த்துக் கொண்டுபோகிறது. வாட்ஸ்ஆப் குழுவில் "யு.ஜி.சி. கேர் இதழ், மூன்று நாளில் வெளியீடு" என்று விளம்பரம் வரும். கேர் என்ற அங்கீகரித்த இதழ்களின் பட்டியலையே யு.ஜி.சி. 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. ஸ்கோபஸ் (ஆய்வு இதழ்களின் தரவுத்தளம்) என்று சொன்னால் ஸ்கோபஸின் சொந்தப் பட்டியலில் போய், இதழ் இப்போதும் இருக்கிறதா, நீக்கப்பட்டதா என்று பாருங்கள். நல்ல இதழின் பெயரையும் எண்ணையும் அப்படியே வைத்துப் போலித் தளம் நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள், அனுப்பியவர் தந்த லிங்க்கை அழுத்தாமல் பதிப்பாளரின் தளத்திலிருந்தே உள்ளே போகவேண்டும். 2022 விதியில் ஆய்வேடு கொடுக்குமுன் கட்டுரை வெளியிட்டே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, உங்கள் பல்கலைக்கழகத்தின் சொந்த விதி என்ன சொல்கிறது என்பதுதான் கணக்கு. அதைக் கையில் வைத்துக்கொண்டு, அவசரமில்லாமல், ஒரே ஒரு நல்ல கட்டுரை எழுதுங்கள்.

பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று மென்பொருள் பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் 10 சதவீதத்துக்குள் வந்துவிட்டால் போதும் என்று வார்த்தையை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். பிறர் கருத்தைப் பெயர் சொல்லாமல் எடுத்தால் மென்பொருள் பிடிக்காவிட்டாலும் திருட்டு திருட்டுதான், படிக்கிற தேர்வாளருக்குத் தெரிந்துவிடும். முன்னாய்வுகள் அத்தியாயத்தில் "இன்னார் இன்ன ஆண்டில் இப்படிக் கண்டார்" என்று அறுபது பத்தி அடுக்குவதும் வேண்டாம். அவர்கள் எங்கே ஒத்துப்போகிறார்கள், எங்கே முரண்படுகிறார்கள், நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று சொன்னால் பதினைந்து போதும்.

வேலைப் பக்கம் வந்தால், பிஎச்.டி. கையில் இருக்கிறது, நெட் (தேசியத் தகுதித் தேர்வு) எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். 2023 ஜூலையிலிருந்து உதவிப் பேராசிரியர் நேரடி நியமனத்துக்கு நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வான செட்தான் யு.ஜி.சி. வைத்திருக்கும் குறைந்தபட்சத் தகுதி. செட் அந்தந்த மாநிலத்துக்குள் மட்டும் செல்லும், ஓசூர்க்காரர் பெங்களூரில் வேலை தேடுவதாக இருந்தால் நெட் வேண்டும். நெட்டுக்குப் பொதுப் பிரிவினர் எம்.காம்.மில் 55 சதவீதம் எடுத்திருக்கவேண்டும், 54.9 எடுத்திருந்தால் அதை யாரும் 55 ஆக்கமாட்டார்கள். பி.சி., எம்.பி.சி. சான்றிதழை வைத்து நெட்டில் ஓ.பி.சி. சலுகை கிடைக்காது, உங்கள் பிரிவு மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்கவேண்டும். ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகைக்கு வயது வரம்பு 30, ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி., பெண்கள் ஆகியோருக்கு 5 வருடத் தளர்வு உண்டு. முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாயும் அதன்பிறகு கூடுதலாகவும் உதவித்தொகை வந்தால் குடும்பத்தைச் சிரமப்படுத்தாமல் முழுநேரமாகப் படிக்கலாம், அதனால் எம்.காம். முதல் வருடத்திலேயே இதற்குத் தயாராக ஆரம்பிப்பதுதான் புத்திசாலித்தனம்.

எம்.காம். பொதுவா, சி.ஏ.வா (கணினிப் பயன்பாடு), கூட்டுறவா என்று பட்டத்தின் பெயர் மாறினால் அரசு வேலைக்கு இணைத்தன்மை அரசாணை (இந்தப் பட்டமும் அந்தப் பட்டமும் சமம் என்ற ஆணை) கேட்பார்கள், சேரும்போதே அந்த அரசாணை எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தனியார் கல்லூரியில் வேலை பார்த்த வருடங்களுக்கான அனுபவச் சான்றிதழை அங்கிருந்து கிளம்பும்போதே வாங்கிவிடுங்கள், நியமன ஆணை, சம்பளம் வங்கியில் வரவான பக்கம் இரண்டின் நகலோடு. டி.ஆர்.பி. (ஆசிரியர் தேர்வு வாரியம்) அறிவிப்பு வந்தபிறகு பழைய கல்லூரிக்குப் போய் நின்று, அதன்மேல் இணை இயக்குநர் அலுவலகத்தின் மேலொப்பத்துக்கும் அலைந்தால் கடைசித் தேதி போய்விடும்.