பாக்ஸுக்கு முன்னால் ஜமுக்காளம் விரிக்காதீர்கள்

தண்ணீர் பாட்டில், கொசுவிரட்டி, சார்ஜ் ஏற்றிய போன் எல்லாம் வீட்டிலேயே யாராவது ஞாபகப்படுத்திவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுவோம். மதுரையில் ராஜாஜி பூங்காவோ, எக்கோ பார்க்கோ, தமுக்கம் மைதானமோ, திறந்தவெளியில் கச்சேரி என்றால் புதிதாக வருகிறவர்கள் செய்கிற தப்பு வேறு. ஐந்து மணிக்கே வந்து, மேடையோரம் அடுக்கியிருக்கும் ஸ்பீக்கர் பாக்ஸுக்கு நேர் எதிரே ஜமுக்காளத்தை விரிப்பார்கள். "முன்னாடியே இடம் கிடைச்சிருச்சு, வாங்க" என்று போன் போட்டுச் சொந்தக்காரர்களையும் வரவழைப்பார்கள்.

முன்னால் என்றால் நல்ல இடமா?

சினிமா தியேட்டரில் முன்வரிசையைத் தவிர்க்கத் தெரிந்தவர்களுக்கு மைதானத்தில் அது ஏனோ மறந்துபோகிறது. பாக்ஸுக்கு எதிரே ஒரு பக்கத்துச் சத்தம் மட்டும்தான் காதை அறையும். சரி, மேடைக்கு நேர் கீழே நடுவில் உட்காரலாமே என்றால், இரண்டு பக்க பாக்ஸின் சத்தமும் தலைக்கு மேலாகப் போய்விடும். டிரம்ஸும், பாடகர் தான் கேட்பதற்காக வைத்திருக்கும் மானிட்டரும்தான் கேட்கும். பாட்டின் வரிகள் குழறும்.

கூட்டத்துக்கு நடுவே மிக்ஸர் மேசை போட்டிருப்பார்கள். மைக்செட்காரர் தன் காதில் விழுவதை வைத்துத்தான் குரலையும் கீபோர்டையும் சரிபண்ணுகிறார். ஆகவே அந்த மேசைக்குச் சற்று முன்னாலோ பின்னாலோ உட்காருங்கள். சரியான நடுக்கோட்டில் இரண்டு பக்க பேஸும், அதாவது அடித்தொனிச் சத்தமும், சேர்ந்து நெஞ்சில் இடிக்கும். அது பிடிக்காதவர்கள் ஏழெட்டு அடி ஓரமாக விலகிக்கொள்ளலாம்.

எரிச்சல் மூட்டுவது இதுவல்ல, குழந்தைகள் விஷயம். மடியில் இருக்கிற பிள்ளை இரண்டு கையாலும் காதைப் பொத்தும். அப்பா கையை எடுத்துவிட்டு, "பழகிரும்டா" என்பார். பழகாது. காதுக்குள் இருக்கும் நுண்ணிய முடிச் செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. 85 டெசிபலில் 8 மணி நேரம் தாங்கலாம் என்பது பெரியவர்களுக்குச் சொல்லும் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 94-இல் 1 மணி நேரம், 100-இல் 15 நிமிடம். பாக்ஸுக்குப் பக்கத்தில் 100-ஐத் தாண்டுவது சர்வசாதாரணம். அப்படியானால் மூன்றாவது பாட்டு முடிவதற்குள் அன்றைய கோட்டா தீர்ந்தது.

சுவரில்லாத வெளியில் ஒரு சௌகரியம் உண்டு. தூரம் இரட்டித்தால் சத்தம் ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். பாக்ஸிலிருந்து 3 மீட்டரில் இருப்பவர் 12 மீட்டருக்கு நகர்ந்தால் 12 டெசிபல் போய்விடும். காசு செலவில்லாத வைத்தியம்.

பஞ்சு வைத்தால் போதும் என்பார்கள். சத்தத்துக்குப் பஞ்சு பெரிய தடையே இல்லை. மெடிக்கல் கடையில் கிடைக்கும் ஃபோம் அடைப்பானை விரலில் உருட்டி மெலிதாக்குங்கள். எதிர்ப்பக்கக் கையால் காது மடலை மேலும் பின்னும் இழுத்துக்கொண்டு செருகி, அது உப்பும்வரை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பாதி வெளியே துருத்திக்கொண்டிருந்தால் வைத்ததும் வைக்காததும் ஒன்றுதான். சின்னப் பிள்ளைகளின் காதுத் துளைக்கு அது சேராது. அவர்களுக்குத் தலைக்கு மேல் மாட்டுகிற காதுமூடி வேண்டும். வீட்டுக்கு வந்தபின் காதில் 'ஙொய்ங்' என்று கேட்டால் அன்றைக்கு எல்லை மீறியாயிற்று.

ரொம்பப் பின்னால் போவது

ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். பின்னால் துணை பாக்ஸ் வைத்து, அதன் சத்தத்தைத் தாமதப்படுத்தாமல் விட்டிருந்தால், மேடைப் பாக்ஸின் சத்தம் பிந்தி வந்து ஒரே வரி இரண்டு தடவை கேட்கும். உங்கள் காதில் கோளாறில்லை. இடத்தை மாற்றுங்கள்.

வெறும் ஜமுக்காளம்

பூங்காப் புல் தண்ணீர் பாய்ச்சிய ஈரத்தோடு இருக்கும். பருத்தி விரிப்பு அதை உறிஞ்சி உங்கள் வேட்டிக்கு மாற்றிவிடும். அடியில் ஒரு தார்ப்பாய்.

ஜிகர்தண்டா

நின்றுகொண்டே குடித்துவிட்டு வாருங்கள். எறும்புக்கும் அது பிடிக்கும்.

கடைசி ஒரு மணி நேரத்துக்கு வருவது

இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை என்பது 2000-ஆம் ஆண்டு விதி. ஆண்டில் சில நாட்களுக்கு மட்டும் 12 மணிவரை அரசு தளர்த்தலாம். நல்ல பாட்டெல்லாம் கடைசியில்தான் என்று ஒன்பதரைக்கு வருகிறவருக்கு நன்றியுரைதான் மிச்சம்.

எதிர்சேவை அன்று தமுக்கம் பக்கம் வண்டியில் போவது

வேண்டாம். சித்திரைத் திருவிழாவில் மதுரைக்குள் வரும் அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் நாள் அது. தமுக்கம் இருக்கும் தல்லாகுளம் முழுக்க அழகருக்கு.

மழை வந்தால் மரத்தடி

சித்திரை, வைகாசியில் மதுரைக்கு வருவது இடிமழை. மின்னலுக்கும் இடிக்கும் இடையே நொடிகளை எண்ணுங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். 30-க்குள் இடி கேட்டால் பாட்டை விட்டுவிட்டுச் சுவர் உள்ள கட்டடத்துக்கோ, கதவு மூடிய காருக்கோ போய்விடுங்கள். தூங்குமூஞ்சி மரத்தடியும் பந்தலின் இரும்புக் காலும் ஒதுங்குமிடம் ஆகாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆனபிறகு வெளியே வரலாம். அதற்குள் மைக்செட்காரர் பாக்ஸை லாரியில் ஏற்றியிருப்பார்.