நிலம் குலுங்கி நின்றதும் யாரை முதலில் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது: ரங்கூன், மாந்தலே வீடுகளுக்கான செய்முறை

2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை, பகல் 12.50. மியான்மரில், மாந்தலேக்கும் சகாயிங்குக்கும் பக்கத்தில் 7.7 அளவில் நிலம் குலுங்கியது. சுமார் 12 நிமிடம் கழித்து 6-ஐத் தாண்டிய இன்னொரு குலுக்கல். இந்தப் பதிவு அந்த 12 நிமிடத்தைப் பற்றியது. குலுக்கல் நின்றதும் எல்லாருடைய கையும் போனுக்குத்தான் போகும். ஆனால் லைன் கிடைக்காமல் பத்து முறை டயல் செய்யும் அந்த நேரத்தில், எதிர்வீட்டுப் பாட்டி பூட்டிய கம்பிக் கதவுக்கு உள்ளே நின்று கத்திக்கொண்டிருப்பார். முதலில் கதவு, பிறகு போன். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த வரிசையில்தான் இருக்கின்றன.

ரங்கூன்காரர்கள் "அது மாந்தலே சமாச்சாரம்" என்று விட்டுவிட முடியாது. அன்று அசைந்தது நிலத்துக்கு அடியில் உள்ள சகாயிங் பிளவு, அது சுமார் 1,200 கிலோமீட்டர் நீளம். மாந்தலே, நேப்பிடோ பக்கமாக இறங்கி, பெகு வழியாகக் கடலுக்குப் போகிறது. 1930 மே 5 அன்று பெகுவில் ஷ்வேமோடோ பகோடாவைச் சாய்த்தது இதே பிளவுதான். அன்று ரங்கூனிலும் உயிர்கள் போயின.

படி 0: ஒரு தாள், ஒரு சாக்பீஸ், ஒரு கடப்பாரை

இது இன்றைக்கே செய்ய வேண்டியது. மாடிக்கு இரண்டு வீடு என்றால் ஆறு மாடிக்குப் பன்னிரண்டு வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போதும். ஒவ்வொரு வீட்டிலும் கேட்டு, தாளில் வீட்டுக்கு ஒரு வரி எழுதுங்கள், இப்படி:

"3-ஆம் மாடி, இடது. ஐந்து பேர். பாட்டிக்குக் காது கேட்காது, பின் அறையில் படுப்பார். இன்சுலின் பிரிட்ஜில். மாற்றுச் சாவி 2-ஆம் மாடி அக்காவிடம்."

"எத்தனை பேர்" என்பதோடு "யார் எங்கே படுப்பார்" என்பதையும் கேட்டு எழுதுங்கள். இடிபாட்டில் தேடுகிறவருக்கு அந்த ஒரு தகவல் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும். தாளை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைத் தரைத்தளக் கடையிலும் ஒன்றைத் தெருவின் மறுபக்க வீட்டிலும் வையுங்கள். கட்டடத்துக்குள் மட்டும் இருந்தால் கட்டடத்தோடு சேர்ந்து அதுவும் புதைந்துபோகும்.

அடுத்தது கம்பிக் கதவு. திருட்டுப் பயத்தில் ராத்திரி உள்ளே பூட்டுப் போட்டுவிட்டு, சாவியைப் பிரிட்ஜ் மேலே வைப்பது வழக்கம். குலுக்கலில் அது பிரிட்ஜுக்குப் பின்னால் விழும், கரண்டும் போயிருக்கும். சாவியை ஒரு கயிற்றில் கோத்து, கதவுக்கு உட்புறச் சுவரில், வெளியிலிருந்து கை எட்டாத உயரத்தில் ஆணியில் முடிச்சுப் போட்டுக் கட்டுங்கள். மாட்டி வைத்தால் விழும், கட்டி வைத்தால் விழாது. சட்டம் கோணிக் கதவே திறக்காமல் போனால் நெம்புவதற்குப் படிக்கட்டு அடியில் ஒரு கடப்பாரை இருக்கட்டும். படுக்கை ஓரம் ஒரு ஜோடி செருப்பும் ஒரு டார்ச்சும் வையுங்கள். நிலநடுக்கத்துக்குப் பிறகு வரும் காயங்களில் கண்ணாடி குத்திய பாதம் மிகச் சாதாரணம். பாதம் கிழிந்தவரால் பன்னிரண்டு வீடு ஏறி இறங்க முடியாது.

படி 1: குலுங்கும்போது

இதைச் சுருக்கமாகவே சொல்கிறோம், மற்ற இடங்களில் நிறைய எழுதியிருக்கிறார்கள். குனிந்து மண்டியிடுங்கள், கனமான மேசைக்கு அடியில் புகுந்து தலையையும் கழுத்தையும் மறையுங்கள், மேசைக் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேசை நகர்ந்தால் கூடவே நகருங்கள். கட்டிலில் இருந்தால் குப்புறப் படுத்துத் தலையணையால் தலையை மூடுங்கள். மாடியில் இருப்பவர் படிக்கட்டுக்கு ஓடக் கூடாது, பால்கனிக்கும் போகக் கூடாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. கம்பி போடாத பழைய செங்கல் வீட்டின் தரைத்தளத்தில், நாலைந்து எட்டில் திறந்த வெளி இருந்தால், முதல் அசைவிலேயே வெளியேறுவது நல்லது. வெளியே குறுகிய சந்துதான் என்றால் அதுவும் வேண்டாம், மேலிருந்து செங்கல்லும் தொட்டியும் விழும் இடம் அதுதான். "மேசைக்குப் பக்கத்தில் படு, முக்கோண இடம் கிடைக்கும்" என்று சுற்றும் வீடியோவை நம்பாதீர்கள். பெரும்பாலான காயங்கள் பறந்து விழும் பொருளால் வருபவை, பக்கத்தில் படுத்தால் அதிலிருந்து தப்ப முடியாது.

படி 2: நின்றதும், வீட்டுக்குள் இரண்டு நிமிடம்

செருப்பு. டார்ச். வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பதிலை எண்ணுங்கள்.

அடுத்து நெருப்பு. சாமி அறையில் காமாட்சி விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அதுதான் முதல். எண்ணெய் கொட்டித் திரைச்சீலையில் பிடித்தால் கட்டடமே போகும். பிறகு கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடுங்கள். கேஸ் நாற்றம் அடித்தால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், போட்டாலும் பொறி, அணைத்தாலும் பொறி. நாற்றம் இல்லை என்றால் மெயின் சுவிட்சை இறக்குங்கள். நம் ஊரில் இதற்குத் தனிக் காரணம் உண்டு. கரண்ட் போன நேரத்தில் மின் அடுப்பையும் இஸ்திரிப் பெட்டியையும் அணைக்க மறந்திருப்போம், அது இப்போது துணிக் குவியல் மேல் கவிழ்ந்து கிடக்கும். ராத்திரி கரண்ட் திரும்பும்போது தீப்பிடிக்கும், அப்போது வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். இன்வெர்ட்டர் பேட்டரி சரிந்து அமிலம் கசிந்திருந்தால் வெறுங்கையால் நிமிர்த்தாதீர்கள்.

படி 3: கதவு கதவாக

உங்கள் மாடியில் தொடங்கி, இறங்கும் வழியில் உள்ள கதவுகளைத் தட்டிக்கொண்டே போங்கள். படிக்கட்டு பிளந்திருந்தாலோ தூண் நொறுங்கியிருந்தாலோ யாருக்காகவும் நிற்காமல் இறங்குங்கள். மேல் மாடிகளுக்கு ஏறுவதா என்பதை வெளியே நின்று கட்டடத்தைப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம். ஏறுவதானால் இருவராக ஏறுங்கள், ஒருவர் கீழே நின்று நேரம் பார்க்கட்டும்.

"நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால் அதிர்ச்சியில் இருப்பவர் "ம்" என்றுதான் சொல்வார். எண்ணிக்கை வரும்படி கேளுங்கள்: "அக்கா, வீட்ல எத்தனை பேரு? இப்ப கண்ணு முன்னாடி எத்தனை பேரு?" இரண்டு எண்ணும் ஒத்துவராவிட்டால் மூன்றாவது கேள்வி: "கடைசியா எங்கே இருந்தாங்க?"

பார்த்து முடித்த கதவில் சாக்பீஸால் எழுதுங்கள்: "5/5, 1.05". ஐந்தில் ஐந்து பேர், மணி ஒன்று ஐந்து. ஒருவர் காணவில்லை என்றால் "4/5, பாட்டி பின் அறை". இப்படி எழுதாவிட்டால் ஒரே வீட்டை மூன்று பேர் தட்டுவார்கள், இன்னொரு வீட்டை ஒருவரும் தட்ட மாட்டார்கள்.

ரங்கூன் நகரத்து மாடி வீடுகளுக்கு ஒரு வசதி உண்டு. பேப்பர், காய்கறி ஏற்றி இறக்க பால்கனியிலிருந்து கிளிப்போ மணியோ மாட்டித் தொங்கவிடும் அந்தக் கயிறு. தெருவிலிருந்து அதை இழுத்து மணியடித்தால் மேலே ஆள் இருப்பது தெரியும். மாற்றுச் சாவியையும் சீட்டையும் அதிலேயே ஏற்றலாம். ஆனால் பால்கனிக்கு நேர் கீழே நிற்காமல், கயிற்றைத் தெருப் பக்கம் சாய்த்துப் பிடித்து இழுங்கள்.

கூடும் இடத்தை முன்பே பேசி வையுங்கள். ஆறு மாடிக் கட்டடங்களுக்கு நடுவில் உள்ள சந்து கூடுவதற்கு ஏற்ற இடமில்லை, அகலமான சாலையோ மகா பண்டுலா பூங்கா மாதிரித் திறந்தவெளியோ வேண்டும். கோவில் முற்றம் என்றால் கோபுரத்துக்கு அடியில் நிற்காதீர்கள். சுதைச் சிற்பங்கள் முதல் குலுக்கலில் விரிசல் விட்டு, இரண்டாவதில் விழும்.

படி 4: யாராவது மாட்டியிருந்தால்

எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினால் ஒன்றும் கேட்காது. ஒருவர் மட்டும் குழாயிலோ தூணிலோ மூன்று முறை தட்டட்டும். பிறகு ஒரு நிமிடம் முழு அமைதி, ஜெனரேட்டர், மோட்டார் சைக்கிள் எல்லாம் நிறுத்த வேண்டும். பதில் தட்டல் கேட்ட இடத்தைச் சுவரில் குறித்து வையுங்கள். உள்ளே மாட்டியவர் நீங்களே என்றால் கத்துவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், கத்தினால் தூசி உள்ளே போகும். தட்டுங்கள், விசில் இருந்தால் ஊதுங்கள்.

பீரோ, அலமாரி போன்றவை காலில் விழுந்து சில நிமிடமே ஆகியிருந்தால் உடனே தூக்கி விடுவிக்கலாம். தொடை, இடுப்பு மேல் பாரம் பல மணி நேரம் இருந்திருந்தால் விஷயம் வேறு. நசுங்கிய தசையில் சேர்ந்த பொட்டாசியம், பாரத்தை எடுத்ததும் ரத்தத்தில் கலந்து இதயத்தை நிறுத்திவிடக்கூடும். வெளியே எடுத்த பிறகு, பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று சாய்வது இதனால்தான். மருத்துவம் தெரிந்தவர் வரும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டு காத்திருங்கள்.

ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை மடித்து, கையை எடுக்காமல் அழுத்துங்கள். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்று வையுங்கள். கழுத்து, முதுகில் அடிபட்டவரைத் தீயோ சரிவோ நெருங்கினால் ஒழிய நகர்த்தாதீர்கள். தூக்கியே ஆக வேண்டும் என்றால் இரண்டு லுங்கி, இரண்டு மூங்கில். தைத்த லுங்கியின் இரு ஓரத்திலும் மூங்கிலை நுழைத்தால் ஸ்ட்ரெச்சர். முதலில் நல்ல உடம்புக்காரர் ஒருவரைப் படுக்கவைத்துத் தூக்கிப் பாருங்கள், பழைய லுங்கியின் தையல் பிரியும்.

தீயணைப்பு 191, ஆம்புலன்ஸ் 192, போலீஸ் 199. இவற்றோடு உங்கள் வட்டாரப் பரஹித (பொதுநல) சங்கத்தின் ஆம்புலன்ஸ் எண்ணையும் படி 0 தாளின் தலைப்பில் எழுதி வையுங்கள்.

படி 5: இப்போது போன்

கூப்பிட வேண்டாம், எழுத்துச் செய்தி அனுப்புங்கள். ஒரு அழைப்பு பேசும் நேரம் முழுக்க லைனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எஸ்.எம்.எஸ். ஒரு நொடி இடைவெளி கிடைத்தாலும் நுழைந்துவிடும், நுழையாவிட்டால் மறுபடி அனுப்பலாம். கரண்ட் போனால் போன் டவர்கள் பேட்டரியில் சில மணி நேரம்தான் ஓடும். ஆகவே முதல் ஒரு மணி நேரத்துக்குள் அனுப்பிவிடுங்கள்.

யாருக்கு? ஒரே ஒருவருக்கு. நிலம் குலுங்காத ஊரில் இருக்கும் ஒருவரை, சென்னைச் சித்தப்பாவோ சிங்கப்பூர் அக்காவோ, முன்பே பேசி வையுங்கள். குடும்பத்தில் எல்லாரும் அவருக்கே அனுப்ப வேண்டும், அவர் மற்றவர்களுக்குச் சொல்வார். மாந்தலேயில் இருக்கும் தம்பியும் ரங்கூனில் இருக்கும் அண்ணனும் ஒருவரையொருவர் கூப்பிட்டுத் தோற்பதைவிட இது சீக்கிரம் முடியும். செய்தி இப்படி இருக்கட்டும்:

"மார்ச் 28, பகல் 1.20 ரங்கூன் நேரம். நான், அவர், 2 பிள்ளைகள் நலம். அத்தைக்குக் கையில் சின்ன காயம். வீட்டுக்கு வெளியே, பூங்காவில் இருக்கிறோம். அடுத்த செய்தி 4 மணிக்கு."

நேரத்தையும் ஊரையும் ஏன் எழுத வேண்டும் என்றால், செய்தி மூன்று மணி நேரம் கழித்தும் போய்ச் சேரலாம். நம் நேரம் இந்தியாவைவிட ஒரு மணி முன்னால், சிங்கப்பூரைவிட ஒன்றரை மணி பின்னால். "இப்போது நலம்" என்று மட்டும் எழுதினால், அது இரண்டாவது குலுக்கலுக்கு முன்பா பின்பா என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. "அடுத்த செய்தி 4 மணிக்கு" என்ற வரி இருந்தால் அதுவரை யாரும் உங்கள் போனை அடித்து சார்ஜைத் தீர்க்க மாட்டார்கள்.

"இன்று இரவு 8 மணிக்குப் பெரியது வருகிறது" என்று ஒரு செய்தி கட்டாயம் வரும். நாளும் மணியும் சொல்லி நிலநடுக்கத்தைக் கணிக்க எவராலும் முடியாது. அனுப்பாதீர்கள், லைனுக்கும் கேடு.

படி 6: பதில் வராதபோது

மௌனத்துக்குப் பெரும்பாலும் காரணம் சார்ஜ்தான். பெரிய குலுக்கலுக்குப் பிறகு மக்கள் தெருவிலும் மைதானத்திலும் படுப்பார்கள், போன் வீட்டுக்குள் கிடக்கும். அவரையே திரும்பத் திரும்பக் கூப்பிடாமல், அவர் தெருவின் கடை, கோவில், பள்ளிவாசல், சர்ச் என ஏதாவது ஓர் எண்ணைப் பிடியுங்கள். அந்த எண்கள் அமைதியான நாளில் வாங்கி வைத்ததாக இருக்க வேண்டும். கிளம்பி நேரில் போவதென்றால் பாதையை விசாரியுங்கள். மாந்தலேயையும் சகாயிங்கையும் இணைத்த 1934-ஆம் ஆண்டுப் பழைய ஆவா பாலமே 2025-இல் ஆற்றில் விழுந்துவிட்டது.

படி 7: திரும்ப உள்ளே போகலாமா?

பூச்சில் முடி மாதிரி மெல்லிய கீறல் பரவாயில்லை. தூணில் சிமென்ட் உதிர்ந்து கம்பி தெரிந்தாலும், சுவரில் பெருக்கல் குறி மாதிரிக் குறுக்கு வெடிப்பு செங்கல்வரை போயிருந்தாலும், நேற்றுவரை மூடிய கதவு இன்று மூடாவிட்டாலும் உள்ளே போகாதீர்கள். தரைத்தளம் முழுக்கக் கடை, ஷட்டருக்காகச் சுவரே இல்லை என்றால் இன்னும் கடுமையாகப் பாருங்கள். மேலே உள்ள பாரம் முழுதும் நாலு தூணில் நிற்கும் கட்டடம் அது.

சந்தேகமான கீறலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதியும் மணியும் எழுதுங்கள். பின்னதிர்வுக்குப் பிறகு கீறல் கோட்டைத் தாண்டியிருந்தால் கட்டடம் இன்னும் அசைகிறது, வெளியேறுங்கள். பின்னதிர்வுகளில் பெரியது முதல் குலுக்கலைவிடப் பொதுவாக ஓர் அலகு அளவு குறைவாக இருக்கும். முதல் நாள்தான் அவை அதிகம், பிறகு இடைவெளி கூடும், ஆனாலும் மாதக்கணக்கில் வரும்.

மாலையில் சாக்பீஸோடு இரண்டாவது சுற்றுப் போங்கள், கதவில் புது நேரம் எழுதுங்கள். இந்தச் சுற்றில் தேடுவது வேறு. மதியம் "ஒன்றும் இல்லை" என்ற தலையடிக்காரர் இப்போது வாந்தி எடுக்கிறாரா, பேச்சுக் குழறுகிறதா, எழுப்பினால் எழுகிறாரா என்று பாருங்கள். இன்சுலின் ஊசி யாருக்குத் தவறிவிட்டது என்று கேளுங்கள். மார்ச், ஏப்ரல் மாந்தலே வெயிலில் தெருவில் உட்கார்ந்திருந்த பெரியவர் கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தார் என்றும் கேளுங்கள். குழாய்த் தண்ணீரை நன்கு கொதி வந்த பிறகும் ஒரு நிமிடம் கொதிக்கவைத்துக் குடிக்கக் கொடுங்கள். விறகு இல்லை என்றால் வாசனை சேர்க்காத, 5 முதல் 6 சதவீத பிளீச் திரவம் லிட்டருக்கு 2 சொட்டு, அரை மணி நேரம் மூடி வைக்க வேண்டும். கலங்கலாக இருந்தால் முதலில் லுங்கித் துணியில் வடிகட்டி, 4 சொட்டு விடுங்கள்.